பறையாட்டக் கலைஞர்: அடியும் ஆட்டமும்

விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு உள்ளிட்ட கரிசல் வட்டாரத்தில் அம்மன் கோயில் பொங்கலிலும் இறப்புச் சடங்கிலும் ஒலிப்பது பறை. பேச்சுவழக்கில் இது தப்பு எனப்படுகிறது. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைச் சுட்டுகிறது.

மூன்று மரத்துண்டுகளை இணைத்த வட்டச் சட்டத்தில் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிப் பறை செய்யப்படுகிறது. இசைக்குமுன் தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுவர். வலக்கையில் தடித்த அடிக்குச்சியும் இடக்கையில் மெல்லிய சுண்டுக்குச்சியும் இருக்கும். தோளில் தொங்கும் கருவியிலேயே இரு கைகளும் ஈடுபடுவதால் ஆட்டம் முழுவதும் காலுக்கும் இடுப்புக்கும் உரியதாகிறது. 'அடி' என்னும் சொல் தாக்குதலையும் பாதத்தையும் ஒருங்கே குறிப்பது இக்கலைக்கு மிகப் பொருத்தம். ஒத்தையடி, சாமிச்சாத்து அடி, மாரடித்தல் அடி முதலியவற்றோடு சினிமா அடியும் இன்று வழங்குவதை ஆய்வாளர் சிலர் கலப்படம் என ஒதுக்குவர். கேட்போரின் விருப்பத்தை ஏற்பது இக்கலையின் இயல்பாதலால் அவ்வொதுக்கல் ஏற்புடையதன்று.

இசைப்பவரே ஆடும் மரபு தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்களிடையே 'கிலாவுட்' என்னும் கைப்பிடியுடைய ஒருமுகத் தோற்கருவி உண்டு. ஆடுபவர் அதை இருபுறமும் திருப்பித் திருப்பிச் சட்டத்தின் விளிம்பில் கோலால் தட்டியபடி முழங்கால் மடக்கி அசைவார். பாடுவோர் பெரும்பாலும் பெண்கள். ஒருவர் ஆடி முடித்ததும் கருவி மற்றொருவர் கைக்குச் செல்லும். கிறித்தவச் சமயப் பரப்புநர்களின் எதிர்ப்பால் தளர்ந்த அம்மரபு பின்னர் மீட்டெடுக்கப்பட்டது.

தமிழ்ச் சிற்றூரில் பறை அவ்வாறு கைமாறவில்லை. அது பிறப்போடு பிணைக்கப்பட்டு, சாவு வீட்டில் அடிப்பது ஒரு சமூகத்தின் கட்டாய ஊழியமாக்கப்பட்டது. எனவே அடிகளின் பெயர்களைத் தொகுப்பதோடு களஆய்வு நின்றுவிடலாகாது. எந்த அழைப்பைக் கலைஞர் மறுக்க முடிகிறது, மறுத்தால் என்ன நேர்கிறது என்பவையும் பதிவாதல் வேண்டும். சாவுக்குப் பறையடிக்க மறுப்பது தலித் இயக்கங்களின் போராட்ட வடிவங்களுள் ஒன்றாக இருந்துள்ளது. அதே கருவியை விடுதலைக் குறியீடாக மேடையேற்றியதும் அவ்வியக்கச் சூழலே. 'தப்பாட்டம்' என்பதற்கு மாற்றாகப் 'பறையாட்டம்' என்னும் பெயர் வலியுறுத்தப்படுவதும் இதனோடு தொடர்புடையது. ஆண்களே அடித்துவந்த இக்கருவியைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் கையேந்தினர். மதுரையின் வேலு ஆசான் 2025இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். ஊரில் இழவுக்கு அடிப்பவரின் கூலியும் மதிப்பும் இவ்வேற்பால் எவ்வளவு மாறின என்பது தனியே ஆராயத்தக்கது.