கடைக் கணக்கும் விற்பனை வரியும்

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று கேட்கிறது பழமொழி. கடனுக்கு மட்டுமன்று, கொள்வனவு, விற்பனை, வரி ஆகிய அனைத்துக்கும் அக்கேள்வி பொருந்தும்.

திருகோணமலைப் பட்டினத்தை அடுத்துள்ள அன்புவழிபுரத்தில் ஒரு சில்லறைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலையிற் கதவு திறந்தது முதல் இரவு விளக்கணைக்கும் வரை கடைக்காரர் ஓயாது உழைக்கிறார். மேசை லாச்சியிற் பணம் சேருகின்றது. ஆயினும், நகரத்து மொத்த வியாபாரி பணம் கேட்டு வரும் நாளில் லாச்சி வெறுமையாயிருக்கின்றது. உழைப்பிலே குறையில்லை; கணக்கிலேதான் குறை. லாச்சியிலுள்ள பணமெல்லாம் தம்முடையதே என்று கடைக்காரர் எண்ணியதே அக்குறையின் வேர்.

சில்லறைக் கடைக்கு வேண்டிய ஏடுகள் மிகப் பல அல்ல. கடனுக்கு வாங்கிய சரக்கைக் கொள்வனவு நாளேட்டிலும், கடனுக்கு விற்றதை விற்பனை நாளேட்டிலும், கைக்குக் கை மாறிய பணத்தைக் காசேட்டிலும் எழுதவேண்டும். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் கடன் கொப்பியிற் பொருள் வாங்கினால், பொருள் கொடுத்த நாளிலேயே அது விற்பனையாகிவிடுகிறது. பணம் வரும் நாள் வரை பதிவைத் தள்ளிவைத்தல் ஆகாது. வீட்டுச் சமையலுக்கென்று கடையிலிருந்து எடுத்த தேயிலைப் பொட்டலத்தையும் எடுப்பனவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். இவையனைத்தும் பின்னர்ப் பேரேட்டில் உரிய கணக்குகளுக்குச் சென்று சேரும்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்குகளிலாவது பதியும் இரட்டைப் பதிவு முறையை, 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான தமது கணித நூலில் லூக்கா பசியோலி என்னும் துறவி விளக்கினார். அந்நகர வணிகர் அதற்கு முன்பே அம்முறையைக் கையாண்டு வந்தனர். தமிழ்நாட்டில் பற்று, வரவு எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே வரவு, செலவு என வழங்கும். பெயர் வேறாயினும் முறை ஒன்றே.

இனி வரிக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அரசாங்கம் மதுவிலக்கினால் இழந்த வருவாயை ஈடுசெய்ய, 1939இல் பொது விற்பனை வரியை விதித்தது. பண்டம் கைமாறுந்தோறும் முழு விலைமீதும் வரி விழுந்தால், வரியின்மேல் வரி ஏறி நுகர்வோரை வருத்தும். இதற்குப் பரிகாரமாக 1954இல் பிரான்சு நாட்டில் மோரிஸ் லோரே வகுத்த முறையே பெறுமதி சேர்க்கப்பட்ட வரி. வணிகர் வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது பெற்ற வரியிலிருந்து கழித்து, மிச்சத்தை மட்டும் அரசுக்குச் செலுத்துவது இதன் சாரம். இலங்கையில் 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் இவ்வரி நடைமுறைக்கு வந்தது.

இவ்வரிக்குப் பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை எல்லை, 2024 ஜனவரி 1ஆம் நாள் எட்டுக் கோடி ரூபாயிலிருந்து ஆறு கோடியாகக் குறைக்கப்பட்டது. எல்லைக்குக் கீழிருந்து பதிவு பெறாத சிறு கடை வரி அறவிடலாகாது. தான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. ஆகவே ஒரே பட்டியலை இரு கடைகள் இரு விதமாக எழுதவேண்டியிருக்கின்றது.

ஒரு பெட்டிச் சவர்க்காரத்தின் விலை 10,000 ரூபாய் என்க. நூற்றுக்குப் 18 வீதமாக வரி 1,800 ரூபாய். பட்டியலின் மொத்தம் 11,800 ரூபாய். பதிவு பெறாத கடைக்குக் கொள்வனவு விலை 11,800 ரூபாயே. அச்சரக்கை 13,000 ரூபாய்க்கு விற்றால் மொத்த இலாபம் 1,200 ரூபாய். வரியை மறந்து 10,000 என்றே எழுதியவர் 3,000 ரூபாய் இலாபமெனக் களித்துச் செலவிடுவார். இல்லாத 1,800 ரூபாய் முதலிலிருந்து கரையும்.

பதிவு பெற்ற கடையிலோ, கொள்வனவுக் கணக்கில் 10,000 ரூபாயும் வரிக் கணக்கில் 1,800 ரூபாயும் வரவாகும். கடன்கொடுத்தோர் கணக்கில் 11,800 ரூபாய் செலவாகும். அதே சரக்கை 12,000 ரூபாய் விலையும் 2,160 ரூபாய் வரியுமாக 14,160 ரூபாய்க்குக் காசுக்கு விற்றால், காசுக் கணக்கில் 14,160 வரவு. விற்பனைக் கணக்கில் 12,000 செலவு. வரிக் கணக்கில் 2,160 செலவு. வரிக் கணக்கின் மீதியான 360 ரூபாய் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சேரவேண்டியது. கடையின் மொத்த இலாபம் 2,000 ரூபாய் மாத்திரமே.

வரி அடங்கிய தொகையிலிருந்து வரியைப் பிரிக்கும்போதும் கவனம் வேண்டும். 14,160 ரூபாயில் நூற்றுக்குப் 18 எனக் கணித்தால் 2,548 ரூபாய் 80 சதம் வரும், அது பிழை. 118இல் 18 பங்கு எனக் கணித்தாற்றான் 2,160 ரூபாய் என்னும் சரியான விடை கிடைக்கும். பட்டியலின் தேதியும் இன்றியமையாதது. நூற்றுக்கு 8 ஆயிருந்த வீதம் 2022 ஜூனில் 12 ஆகவும், அவ்வாண்டு செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. தேதியில்லாத சிட்டையைக் கொண்டு எந்த வீதம் பொருந்துமென்று பின்னர் அறிதல் அரிது.

பதிவுக்கான எல்லையும் வரி வீதமும் காலத்துக்கேற்ப மாறலாம். தம் விற்பனை எவ்வளவு என்று எழுதிவைக்காத வணிகர், எல்லையைக் கடந்தோமா இல்லையா என்பதையும் அறியமாட்டார். ஆதலின், கடை பூட்டுமுன் நாளேட்டுக்குச் சிறிது நேரம் ஒதுக்குதல் நன்று. லாச்சிப் பணத்தில் மொத்த வியாபாரிக்குரியது எவ்வளவு, அரசுக்குரியது எவ்வளவு, தம் குடும்பத்துக்குரியது எவ்வளவு என்று பிரித்தறிந்த கடைக்காரர், மறுநாட் காலையிற் கலக்கமின்றிக் கதவைத் திறப்பார்.