மென்பொருட் கொள்கலங்கள்

கொழும்புத் துறைமுகத்தின் அருகாகச் சென்றவர்கள், ஆங்கே அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும் பெரிய இரும்புப் பெட்டிகளைக் கண்டிருப்பீர்கள். 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் இத்தகைய 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகக் கையாளப்பட்டு வந்த பண்டங்கள், பெட்டியைத் திறவாமலே லொறியிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து லொறிக்கும் மாறின. கணினித் துறையினர் ‘கொள்கலம்’ என்ற பெயரை இங்கிருந்துதான் கடன் வாங்கினர்.

மென்பொருள் தனித்து இயங்குவதன்று. அது பல துணை நிரல்களையும் அமைப்புக் கோப்புகளையும் நம்பியிருப்பது. அவற்றுள் ஒன்றின் பதிப்பு வேறுபட்டாலும், எழுதியவர் கணினியில் ஓடிய நிரல் மற்றோரிடத்தில் முடங்கிவிடலாம். “என் கணினியில் நன்றாகத்தானே ஓடியது!” என்பது நிரலாளர் வாயில் அடிக்கடி வரும் சொல்.

இதற்கு மாற்றாக, நிரலையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒருங்கே அடைத்து வைப்பதே படிமம் எனப்படும். படிமத்தை இயக்கும்போது அது கொள்கலமாகிறது. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘டொக்கர்’ வெளியான பின்னர் இம்முறை விரைந்து பரவிற்று.

இனி, தொழிற்கூடத்தில் நடப்பதைப் பார்ப்போம். நிரலாளர் ஒரு திருத்தத்தை ஒப்படைத்ததும், அதற்கெனவுள்ள கணினி, செய்முறைக் கோப்பைப் படித்து, படிப்படியாகப் படிமத்தைக் கட்டுகிறது. நிரலைச் சேர்ப்பதும் துணைகளை நிறுவுவதும் வெவ்வேறு அடுக்குகளாக அமையும். மாறாத அடுக்குகளை மீண்டும் கட்டவேண்டியதில்லை. ஆனால் ஓர் அடுக்கு மாறினால் அதன் மேலுள்ளவை யாவும் புதிதாகக் கட்டப்படும். ஆகவே அரிதாக மாறுவனவற்றைக் கீழேயும், நாள்தோறும் மாறும் நிரலை மேலேயும் வைத்தல் நன்று.

பின்னர் அப்படிமத்தை இயக்கி, பக்கத்தில் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தையும் வேறொரு கொள்கலமாக எழுப்பிச் சோதிக்கின்றனர். சோதனை முடிந்ததும் இரண்டும் கலைக்கப்படும். நேற்றைய சோதனையின் எச்சம் இன்றைய சோதனையைத் தீண்டாது.

இவ்விடத்தில்தான் பலர் தவறுகின்றனர். சோதித்த படிமத்தை விடுத்து, வெளியீட்டுக்கென அதே செய்முறையால் இன்னொன்றைக் கட்டுகின்றனர். இடைப்பொழுதில் ஒரு துணை நிரல் புதுப்பதிப்புப் பெற்றிருப்பின், சோதனையில் தேறியது ஒன்று, மக்கள் கைக்குச் செல்வது பிறிதொன்று. பெயரை நம்புவதும் போதாது. ‘அண்மையது’ என்ற பெயர்ச்சீட்டை எந்நேரமும் கழற்றி வேறு படிமத்தில் ஒட்டலாம். படிமத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் 64 எழுத்துக் குறியோ, உள்ளே ஒரு சிறு மாற்றம் நேர்ந்தாலும் முற்றாக வேறாகிவிடும். சோதனைக்கூடத்திலிருந்து சேவையகம் வரை இக்குறியைக் கொண்டே படிமத்தை இனங்காண வேண்டும்.

பெட்டியினுள் அறியாது அடைபட்டவையும் உடன் பயணம் செய்யும் என்பதை மறத்தலாகாது. ஓர் அடுக்கில் வைத்த கடவுச்சொல்லை மேல் அடுக்கில் அழித்தால், அது கண்ணுக்கு மறையுமேயன்றி ஒழியாது. படிமத்தைப் பெற்றவர் எவரும் கீழ் அடுக்கைத் திறந்து அதனை எடுக்கலாம்.

கோட்கோவ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில், டொக்கர் படிமத்தை ஆக்கும் முறையிலிருந்த ஒரு பிழையால் ஓர் இரகசியச் சான்று வெளியாரிடம் சிக்கியது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 31 முதல் அவர்கள் அதனைக் கொண்டு, வாடிக்கையாளர் தத்தம் சோதனைக் கணினிகளில் ஓட்டிய ஒரு சிறு நிரலைத் திருத்தி, அக்கணினிகளின் இரகசியங்களைத் தம்மிடம் வருவித்தனர். இரு மாதங்களாக எவரும் அறியவில்லை. ஏப்பிரல் முதலாம் நாள், வாடிக்கையாளர் ஒருவர் தாம் தருவித்த நிரலின் குறியை வெளியிடப்பட்டிருந்த குறியோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தவில்லை.