அடிபட்ட முன்பல்லில் வேர் மீண்டும் வளருமா?

எட்டு வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுகிறான். மேல் முன்பல்லில் அடி. ரத்தம் நின்றதும் வீட்டில் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்துப் பல் சாம்பல் நிறமாகிறது. ஈறில் பரு போல ஒரு சீழ்க்கட்டி வருவதும் உடைவதுமாக இருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் கூழ் செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பாதியில் நின்ற வேர்

பல் ஈறைக் கிழித்து வெளியே வந்த பிறகும் அதன் வேர் முழுமையாக ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கூழ் செத்தால் வேரும் அப்படியே நின்றுவிடும். சுவர் மெலிந்திருக்கும், நுனி வாய் பிளந்து கிடக்கும். வழக்கமான ரூட் கேனால் இங்கே எடுபடாது. அடைக்கும் பொருள் நுனியைத் தாண்டி வெளியே போய்விடும். இதற்காகப் பல ஆண்டுகளாகக் கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் உள்ளே வைத்து நுனியை மூட வைத்தார்கள். நுனி மூடும், ஆனால் சுவர் தடிக்காது. மருந்து நீண்ட காலம் இருந்தால் பல் உடையும் அபாயமும் கூடும். எம்.டி.ஏ. என்ற சிமென்டால் நுனியை அடைக்கும் முறை வந்து காலத்தைச் சுருக்கியது. மெலிந்த சுவர் மெலிந்தபடிதான்.

ரத்தமே மருந்து

ரத்த உறைவை வேருக்குள் நிரப்பிப் பார்க்கும் யோசனையை நார்வேயின் நைகார்ட்-ஓஸ்ட்பி 1961-லேயே சோதித்தார். 2001-இல் ஜப்பானில் இவாயா குழுவினரும், 2004-இல் பாங்க்ஸும் டிரோப்பும் சீழ் பிடித்த கீழ் முன்கடைவாய்ப் பல்லில் வேர் வளர்ந்ததைக் காட்டிய பிறகே உலகம் கவனித்தது.

இந்த முறையில் முதல் நாள் பல்லைத் திறந்து, 1.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டால் நிதானமாகக் கழுவுவார்கள். அதைவிடக் காட்டமாகப் போனால் கிருமியோடு, வேர் நுனியில் உயிரோடிருக்கும் ஸ்டெம் செல்களும் போய்விடும். சுவரைச் சுரண்டுவதும் இல்லை. சுரண்ட அங்கே என்ன இருக்கிறது? மருந்து வைத்து மூடி, சில வாரம் கழித்து மீண்டும் வரச்சொல்வார்கள். அன்று அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி. ரத்தம் வர வேண்டுமே! மெல்லிய ஃபைலை நுனிக்கு 2 மில்லிமீட்டர் வெளியே தள்ளிக் கீறினால், கீழிருந்து ரத்தம் ஊறி மேலே ஏறும். அது உறைந்ததும் மேலே எம்.டி.ஏ. வைத்து அடைப்பார்கள். அந்த ரத்தத்தோடு வந்த ஸ்டெம் செல்களுக்கு உறைவுதான் சாரம். கீறுவதற்கு முன் கடைசியாக ஊற்றிக் கழுவிய ஈ.டி.டி.ஏ. என்ற கரைசல் சுவரிலிருந்து வெளிக்கொணர்ந்த வளர்ச்சிக் காரணிகள் அவற்றைத் தூண்டுகின்றன.

வளர்வது கூழ்தானா?

பெரும்பாலும் இல்லை. இப்படிச் சிகிச்சை பெற்று, பின்னர் வேறு காரணத்துக்காகப் பிடுங்கிய பற்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது எலும்பையும் வேர்ச்சிமென்டையும் ஒத்த திசுக்களே அதிகம் தெரிந்தன. அதனால் இதைப் ‘புதுப் பல் முளைப்பது’ போல விளம்பரப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஆனாலும் சீழ் வற்றுகிறது, பல பற்களில் வேர் நீள்கிறது, சுவர் தடிக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது சின்ன லாபமில்லை. உண்மையான கூழையே வளர்க்கும் முயற்சியாக, பால்பல்லில் எடுத்த ஸ்டெம் செல்களை அடிபட்ட முன்பற்களில் பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் சீனாவிலிருந்து வெளிவந்தது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

முதல் நாள் உள்ளே வைக்கும் மருந்துப்பசையில் மினோசைக்ளின் கலந்திருந்தால் அது பல்லைக் கறுக்கவைக்கும்; முன்பல் என்றால் மாற்று உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சீழ் வற்றிவிட்டதென்று வருவதை நிறுத்திவிடாதீர்கள்: 6, 12, 24 மாதங்களில் எக்ஸ்ரே பார்த்தால்தான் வேர் வளர்ந்ததா என்று தெரியும். வளராமல் சீழும் திரும்பினால், எம்.டி.ஏ. அடைப்பு முறைக்குப் போகலாம்.