பழைய நிலைமரத்தில் ஒரு படிவாங்கு

ஊர் திரும்பும் குடும்பங்கள் தமது வளவுக்குள் கால் வைத்ததும் முதலில் தேடுவது கிணற்றை. அடுத்துத் தேடுவது வீட்டை. பல இடங்களில் ஓடும் இல்லை, வளையும் சலாகையும் இல்லை. சுவர்கள் பாதியாய் நிற்கும். ஆனால் அந்தச் சுவரோடு ஒட்டியபடி ஒரு கதவு நிலையோ யன்னல் நிலையோ எஞ்சியிருப்பதைக் காண்கிறோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் கால் நூற்றாண்டும் அதற்கு மேலும் கழித்து விடுவிக்கப்பட்ட காணிகளுக்குள் போனபோது, வெயிலிலும் மழையிலும் கிடந்த பாலை மர நிலைகள் உள்ளே உறுதி குன்றாமல் இருந்ததைக் கண்டார்கள். இன்னும் தம் காணியைக் காணாதிருப்போரும் உண்டு.

அந்த நிலைமரத்தை என்ன செய்வது? புதிய வீட்டுக்கு அளவு பொருந்தாது. விற்றால் விறகு விலைதான் கேட்பார்கள். பலர் அடுப்பில் வைத்து விடுகிறார்கள். நல்ல வைரமரம் அடுப்புக்குரியதல்ல. அதிலிருந்து வீட்டுக்குத் தேவையான ஒரு பொருளைச் செய்யும் முறையை இங்கே சொல்ல விரும்புகிறோம். அது இரண்டு படிகள் கொண்ட ஒரு சிறு வாங்கு.

படிவாங்கு எதற்கு?

எமது கிராம வேலைகளின்போது நாம் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டின் தளத்தை உயர்த்திக் கட்டுகிறார்கள். கையிலுள்ள பணம் தளத்தோடும் சுவரோடும் முடிந்து விடுகிறது. வாசற்படி கட்டுவது "பிறகு பார்ப்போம்" என்று நின்று விடுகிறது. வாசலில் இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி வைத்து அதில் ஏறி இறங்குகிறார்கள்.

குசினிக்குள் இன்னொரு காட்சி. விதைக்கு ஒதுக்கிய சோளப் பொத்தியும், பயறு, கத்தரி விதை முடிச்சுகளும் புகை படும்படி அடுப்புக்கு மேலே தொங்குகின்றன. அவற்றை எடுக்க அம்மா பிளாஸ்ரிக் கதிரையில் ஏறுகிறா. அந்தக் கதிரை இருப்பதற்குச் செய்தது, ஏறுவதற்கல்ல. வெயிலில் கிடந்து காய்ந்த பிளாஸ்ரிக் முன்னறிவித்தல் இல்லாமல் வெடிக்கும். அப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு தாயை நாம் அறிவோம். அந்தப் போகம் முழுவதும் அவவின் மகள் தோட்டத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தா. மிளகாய்க் கன்று நடுகை தவறிப் போனது. ஒரு விழுகை ஒரு போகத்தை விழுங்கிவிட்டது.

எவருடைய மரம்?

ஆணியைத் தொடுவதற்கு முன்னர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வெளியேறினார்கள். அந்த ஆண்டுகளில் ஆளில்லாத வீடுகளின் கதவுகளும் வளைகளும் கொட்டில்களுக்கும் பதுங்கு குழிகளுக்கும் போயின. உயிரைக் காக்க அப்படிச் செய்தவர்களை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் இன்று நிலைமை வேறு. பக்கத்து வளவில் ஆள் வராத வீட்டின் நிலை, வராதவர்களின் நிலைதான். ஊருக்குத் திரும்பி வரும் ஒருவர், தம் வீட்டுக் கதவு நிலை அயலவர் வீட்டில் வாங்காக நிற்பதைக் கண்டால் அந்த அயல் உறவு எப்படி ஒட்டும்? எனவே சொந்த வளவில் உள்ளதை எடுங்கள். அல்லது உரியவரிடம் கேட்டு எடுங்கள். உரியவர் வெளிநாட்டில் இருந்தால் உறவினர் மூலம் ஒரு வார்த்தை கேட்பது கடினமல்ல.

புகையிரதச் சிலிப்பர் கட்டைகள் பற்றியும் ஒரு சொல். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்ற பின்னர் அவை பல இடங்களுக்குப் போயின. அவை அரச சொத்து. அத்துடன் அவற்றில் ஊறியிருக்கும் தாரெண்ணெய் தோலுக்குக் கேடு. வீட்டுப் பாவனைக்கு அவை வேண்டாம். மரத்தை வாகனத்தில் ஏற்றி வேறிடம் கொண்டு போவதானால் கிராம அலுவலரிடம் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மரத்தைக் கழற்ற முன்னர்

போர் 2009 மே மாதம் முடிந்தது. வெடிபொருட்கள் அதன் பின்னரும் கண்டெடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியானாலும், இடிந்த சுவரின் கற்குவியலைக் கையால் கிளறாதீர்கள். சந்தேகமான இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டாம்.

மரத்துக்குள்ளும் இரும்பு இருக்கும். ஷெல் துண்டோ சன்னமோ புதைந்திருந்தால் வாளின் பல்லும் போகும், இயந்திர வாளானால் ஆளுக்கும் ஆபத்து. பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை மரத்தின் நான்கு பக்கமும் மெதுவாக உரசிக்கொண்டு போங்கள். இரும்பு இருக்குமிடத்தில் இழுக்கும். ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படாது. எனவே கண்ணாலும் பாருங்கள். சிறு துவாரங்களையும் மரம் கறுத்த இடங்களையும் உளி முனையால் குடைந்து பார்க்க வேண்டும். மர ஆலைக்குக் கொண்டு போனால், "இது சண்டை நடந்த இடத்து மரம்" என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

பழைய பெயின்ற் பூசிய நிலையானால் அதைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். முந்திய காலத்து எண்ணெய்ப் பெயின்ற்களில் ஈயம் சேர்த்திருந்தார்கள். அந்தத் தூசு சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டியதைச் சேர்த்துக் கட்டிக் குப்பையோடு அகற்றுங்கள். பெயின்ற் பூசிய துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது.

மரத்தை அறிதல்

பாலை மிகப் பாரமானது, தண்ணீரில் தாழும். கறையான் எளிதில் தொடாது. ஆணி நேரே இறங்காது. அடித்தால் ஆணி வளையும், அல்லது மரம் வெடிக்கும். முதிரை பொன்னிறமாக மினுங்கும், உறுதியானது. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். மூக்கைத் துணியால் கட்டி, வேலை முடிந்ததும் குளித்து விடுங்கள். வேம்பு இவற்றிலும் இலகு, சீவுவதும் சுகம். பனஞ்சலாகை வைரமானது, ஆயினும் நார் எழும்பிக் காலில் ஏறும் என்பதால் மிதிக்கும் பலகைக்கு ஏற்றதல்ல.

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கும். நிலத்தோடு புதைந்திருந்த அடிப்பக்கம் அரை அடியைத் தயங்காமல் வெட்டி விடுங்கள்.

வேண்டிய துண்டுகள்

எல்லாத் துண்டுகளும் 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு. நிலையின் இரண்டு பக்க மரங்களையும் இந்த அளவுக்கு ஆலையில் அரிந்து எடுத்தால் போதும். மொத்தம் 23 அடி வரை தேவை. வெட்டுச் சேதத்துடன் 25 அடி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்கால் 2: நீளம் 13 அங்குலம்.
நடுக்கால் 2: நீளம் 12¾ அங்குலம்.
முன்கால் 2: நீளம் 6 அங்குலம்.
கீழ்த் தாங்கு சட்டம் 2: நீளம் 15 அங்குலம்.
மேல் தாங்கு சட்டம் 2: நீளம் 8 அங்குலம்.
குறுக்குச் சட்டம் 4: நீளம் 16 அங்குலம்.
படிப்பலகை 6: நீளம் 16 அங்குலம். இவற்றுள் ஒன்றை மாத்திரம் 2 அங்குல அகலமாகச் சீவிக்கொள்ளுங்கள்.

கருவிகள்: வாள், சீவுளி, உளி, மூலைமட்டம், சுத்தியல், துளை போடும் துறப்பணம், திருப்புளி. எல்லாவற்றையும் ஒரு வீட்டில் தேட வேண்டாம். நாலு வீட்டுக்கு ஒரு தொகுதி இருந்தால் போதும்.

பொருத்தும் முறை

முதலில் ஒரு பக்கத்தைச் செய்வோம். மூன்று கால்களையும் தரையில் படுக்க வையுங்கள். பின்காலின் பின்விளிம்பிலிருந்து அளந்தால், பின்கால் 0 முதல் 3 அங்குலம் வரை, நடுக்கால் 5 முதல் 8 வரை, முன்கால் 12 முதல் 15 வரை வரவேண்டும். பின்காலினதும் நடுக்காலினதும் மேல் முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். அப்போது நடுக்காலின் அடி கால் அங்குலம் நிலத்தைத் தொடாமல் நிற்கும். இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்வது. ஆறு கால்களும் நிலத்தைத் தொட்டால் மண் தரையில் வாங்கு ஆடும். நான்கு மூலைக்கால்கள் மட்டும் ஊன்றினால் ஆட்டம் குறையும். நடுக்காலின் பாரத்தைத் தாங்கு சட்டம் சுமக்கும்.

கீழ்த் தாங்கு சட்டத்தை மூன்று கால்களுக்கும் குறுக்காக வையுங்கள். அதன் மேல்விளிம்பு முன்காலின் மேல் முனையோடு, அதாவது நிலத்திலிருந்து 6 அங்குலத்தில், சமமாக இருக்க வேண்டும். மேல் தாங்கு சட்டத்தைப் பின்காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்காக, மேல் முனையோடு சமமாக வையுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு திருகாணிகள், 1¾ அங்குல நீளம், ஒன்றுக்கொன்று மூலைவிட்டமாக. மற்றப் பக்கத்தையும் இவ்வாறே, ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்மாறாகச் செய்யுங்கள். தாங்கு சட்டங்கள் இரண்டு பக்கமும் உட்புறம் பார்க்க வேண்டும். இதில்தான் பலர் தவறு விடுவார்கள்.

வைரமரத்தில் துளை போடாமல் திருகாணி ஏற்றக் கூடாது. திருகாணியின் தண்டளவுக்குத் துளை போட்டு, புரியில் சிறிது சவர்க்காரம் தடவி ஏற்றினால் இலகுவாக இறங்கும், தலை முறியாது. பழைய ஆணிகளை நிமிர்த்திப் பாவிக்க வேண்டாம். ஒருமுறை வளைந்த ஆணி மறுமுறை பாரத்தில் முறியும்.

இரண்டு பக்கங்களையும் நிமிர்த்தி, வெளி அகலம் 16 அங்குலமாக வைத்து, குறுக்குச் சட்டங்களை 2½ அங்குலத் திருகாணியால் பூட்டுங்கள். ஒன்று பின்கால்களின் பின்விளிம்பில், மேல் முனையோடு சமமாக. இரண்டாவது அதே விளிம்பில், நிலத்திலிருந்து 2 அங்குலம் மேலே. மூன்றாவது நடுக்கால்களின் பின்விளிம்பில், இரண்டு தாங்கு சட்டங்களுக்கும் இடையிலுள்ள 4 அங்குல வெளியில். நான்காவது முன்கால்களின் முன்விளிம்பில், மேல் முனையோடு சமமாக. ஒவ்வொன்றையும் பூட்ட முன்னர் மூலைமட்டம் பிடியுங்கள்.

கடைசியாகப் படிகள். மேற்படிக்கு 3 அங்குலப் பலகை மூன்று. கீழ்ப்படிக்கு 3 அங்குலம் இரண்டும் 2 அங்குலம் ஒன்றும். 2 அங்குலப் பலகையை நடுவில் வையுங்கள். பலகைகளை 2 அங்குலத் திருகாணியால் தாங்கு சட்டங்களில் பூட்டி, தலைகளை மரத்துக்குள் தாழ்த்துங்கள். பலகை கால்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீண்ட ஓரத்தில் மிதித்தால் வாங்கு கவிழும். இப்போது கீழ்ப்படி 7 அங்குலமும் மேற்படி 14 அங்குலமும் உயரமாக நிற்கும்.

விளிம்புகளைச் சீவுளியால் மழுக்கி, அரத்தாளால் தேய்த்து, வேப்பெண்ணெய் பூசி வெயில் படாத இடத்தில் காய விடுங்கள். வாகனத்தின் கழிவு ஒயிலைப் பூசாதீர்கள். வெறுங்காலும் பிள்ளைகளின் கையும் படும் பொருள் இது. பழைய சைக்கிள் ரயரை வெட்டி, வெளிப்பக்கம் மேலே தெரியும்படி படிகளின் முன்விளிம்பில் அடித்தால் ஈரக்காலும் வழுக்காது.

சோதித்துப் பாருங்கள்

மேற்படியில் 50 கிலோ மூட்டை இரண்டை ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் வெடிப்போ தளர்வோ இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் ஒருவர் பிடித்திருக்க இன்னொருவர் ஏறிப் பாருங்கள். திருகாணிகளை மாரிக்கு முன்னொரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் இறுக்குங்கள். மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். முற்றிலும் பாலையில் செய்தால் 12 கிலோவுக்கு மேல் பாரம் வரும். வாசலில் நிரந்தரமாக வைப்பதற்கு அது நல்லது. குசினிக்கும் அறைக்கும் தூக்கித் திரிவதானால் வேம்பில் செய்யுங்கள். முதியவர் ஏறும் வாசலில், பக்கச் சுவரில் பிடிப்பதற்கு ஒரு கைத்தடியும் பூட்டி விடுங்கள்.

ஒரு நிலையில் ஒரு வாங்கு செய்து மரம் மிஞ்சும். அதில் இரண்டாவது வாங்கைச் செய்து, நிலை எதுவும் எஞ்சாத அயல் வீட்டுக்குக் கொடுக்கலாமே. நாசரேத்தின் தச்சுப் பட்டறையிலும் இப்படித்தான் வீட்டுப் பாவனைக்குரிய பொருட்களைச் செய்திருப்பார்கள் என்று நாம் எண்ணுகிறோம். பேரப்பிள்ளை கேட்கும்போது, "இது எங்கள் பழைய வீட்டு வாசல்" என்று காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும். அந்த வாசலால் வெளியே போனவர்கள், அதே மரத்தில் கால் வைத்துப் புதிய வீட்டுக்குள் ஏறட்டும்.