விரிதாளும் ஸ்யாத்வாதமும்

கல்கத்தாவில் கடை வைத்திருக்கும் எவருக்கும் 'ஹால் காத்தா' தெரியும். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வங்காளிகளுக்கு வருடப் பிறப்பு. அன்றைக்குச் சிவப்புத் துணி போர்த்திய புதுப் பேரேட்டைத் திறந்து, பழைய பாக்கியைத் தீர்க்க வருகிறவர்களுக்கு இனிப்புக் கொடுத்துக் கணக்கைத் தொடங்குவார்கள். ஆரணிப் பக்கத்திலிருந்து பட்டுச் சேலை மூட்டையோடு வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட நானும், நாற்பது வருஷமாக அந்தச் சிவப்பு நோட்டை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சென்ற முறை நோட்டில் முதல் வரி எழுதும்போது, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, இதுல ஒரு ரேட்ட மாத்தினா மத்ததெல்லாம் தானா மாறுமா?"

"எப்படிம்மா மாறும்? அடிச்சித்தான் எழுதணும்."

"எங்க கம்ப்யூட்டர் பாடத்துல மாறுமே!"

மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். தலைப்புக்கு நீல வண்ணம், கூட்டுத்தொகை, கீழே பட்டை வரைபடம். முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். சந்தோஷம்தான். ஆனால் நடுவில் இருந்த ஓர் எண்ணைக் காட்டி, "இது எங்கேயிருந்து வந்ததும்மா?" என்று கேட்டேன். "மிஸ் குடுத்தாங்க" என்றாள். அந்தப் பதில் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. இக்கட்டுரை பிறந்த கதை அதுதான். நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

விரிதாள் என்பது என்ன?

விரிதாள் என்பது கட்டம் போட்ட தாள். நம் பேரேட்டுக்குத் தம்பி என்று சொல்லலாம். வித்தியாசம் ஒன்றே ஒன்று. பேரேட்டின் கட்டத்தில் எண் மட்டும் இருக்கும். விரிதாளின் கட்டத்தில் எண்ணும் இருக்கலாம், எண்ணை உண்டாக்கும் சூத்திரமும் இருக்கலாம். 'விலைக் கட்டத்தையும் அளவுக் கட்டத்தையும் பெருக்கு' என்று ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால், விலை மாறும்போதெல்லாம் விடையும் தானே மாறும்.

அமெரிக்காவில் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் என்பவருக்கு இந்த யோசனை தோன்றியது. கரும்பலகையில் ஆசிரியர் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைத் தீர்க்க அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய 'விசிகால்க்' 1979இல் வெளிவந்தது. பிறகு 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல். ஆக, விரிதாள் பிறந்ததே 'இது மாறினால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்காகத்தான். கூட்டுத்தொகை போடுவது அதன் சில்லறை வேலை.

பராநகரின் நான்கு வரிகள்

இந்தக் கேள்வியைப் பாடமாகக் கற்றுக்கொடுக்க நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். நம் ஊரிலேயே, பி.டி. ரோடில், பராநகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலநோபிஸ் 1931இல் நிறுவியது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் டிஜிட்டல் கணினியாகிய ஹெச்.இ.சி.-2எம் 1956இல் இயங்கத் தொடங்கியதும் அங்கேதான்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக (1956–61) மகாலநோபிஸ் 1955இல் ஒரு மாதிரி அமைத்தார். மாதிரி என்றால் நாட்டின் பொருளாதாரத்தைச் சில எண்களாகச் சுருக்கிப் பார்ப்பது. பெரிய கோயிலை மரத்தில் சிறிதாகச் செய்து பார்ப்பதைப் போல. அவர் நாட்டை நான்கு துறைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு துறைக்கும் இரண்டு எண்கள் வைத்தார். ஒரு ரூபாய் முதலீடு போட்டால் எவ்வளவு வருமானம் கூடும் என்பது ஒன்று. ஒருவருக்கு வேலை தர எவ்வளவு முதலீடு தேவை என்பது மற்றொன்று.

எந்திரம், எஃகு போன்ற மூலதனப் பொருள் துறைக்கு 20 பைசா வருமானம், ஒரு வேலைக்கு 20,000 ரூபாய். ஆலையில் செய்யும் நுகர்பொருளுக்கு 35 பைசா, 8,750 ரூபாய். வேளாண்மையும் குடிசைத் தொழிலும் சேர்ந்த துறைக்கு ஒன்றேகால் ரூபாய், 2,500 ரூபாய். கல்வி, மருத்துவம் முதலிய சேவைகளுக்கு 45 பைசா, 3,750 ரூபாய்.

மொத்த முதலீடு 5,600 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு மூலதனப் பொருளுக்கு என்று முதலிலேயே வைத்துவிட்டார். ஐந்தாண்டில் 1 கோடியே 10 லட்சம் பேருக்கு வேலை வேண்டும், வருமானம் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர வேண்டும் என்று இலக்கு வைத்து, மீதிப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பின்னோக்கிக் கணக்கிட்டார். வந்த விடை, துறை வரிசையில், சுமார் 1,850, 980, 1,180, 1,600 கோடி.

இதைப் பேத்தியும் நானும் விரிதாளில் ஏற்றினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரிசையில் மட்டும் 47 லட்சம் வேலைகள் வந்தன. முதல் வரிசையில் 9 லட்சம்தான். "நம்ம ஆரணித் தறியெல்லாம் எந்த வரியில இருக்கு?" என்றாள். மூன்றாவது வரியைக் காட்டினேன். அதுவரை வெறும் எண்ணாக இருந்தது அவளுக்கு ஊராகிவிட்டது.

பிறகு, "மழை பொய்த்துப் போச்சுன்னு வச்சுக்கோ. அந்த ஒன்றேகாலை ஒன்று ஆக்கு" என்றேன். ஆக்கினாள். கூடுதல் வருமானம் 2,908 கோடியிலிருந்து 2,613 கோடிக்கு இறங்கியது. ஒரே கட்டம், 295 கோடி போயிற்று!

தாளில் இல்லாத பத்தி

இந்த நான்கு வரியில் இல்லாதது ஒன்று உண்டு. வெளிநாட்டு வணிகம். எந்திரம் இறக்குமதி செய்ய டாலரும் பவுனும் வேண்டுமே, அதற்கு இந்த மாதிரியில் ஒரு கட்டமும் கிடையாது. திட்டம் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1957–58இல், நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. பிற்காலப் பொருளியலாளர் பலர் இக்குறையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். மேதைக்கும் இது நேரும். கூட்டல் கழித்தல் சரியாகவே இருந்தது. எதை உள்ளே வைத்தோம், எதை வெளியே விட்டோம் என்பதில்தான் சங்கடம். மாணவர்க்குச் சொல்ல வேண்டிய முதல் பாடம் இது.

பெரியவர்கள் பிழையும் என் பிழையும்

ரெயின்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளியலாளர் இருவர் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசின் கடன் ஓர் அளவைத் தாண்டினால் வளர்ச்சி குன்றும் என்பது அதன் சாரம். பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைக்கு ஆதாரமாக அது காட்டப்பட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. மூல விரிதாளை வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தன! அந்தத் தவறை ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள். கட்டுரையில் வேறு குறைகளையும் ஹெர்ண்டன் குழுவினர் காட்டினார்கள். அவை பற்றி இன்னும் விவாதம் உண்டு. ஆனால் சூத்திரத்தைத் திறந்து பார்த்தவர் ஒரு மாணவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடியேனும் சளைத்தவன் அல்லன். ஒரு துர்க்கா பூஜைக்கு முன் பட்டு நூல் விலை ஏறியது. விலைப் பட்டியலில் நூல் விலைக் கட்டத்தை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அறுபது ரகத்தில் பதினொரு ரகத்துக்கு, என்றோ ஓர் அவசரத்தில், பழைய விலையைச் சூத்திரத்துக்கு உள்ளேயே எண்ணாகத் தட்டி வைத்திருந்தேன். அவை மட்டும் மாறவில்லை. சீசன் முடிந்து கணக்குப் பார்த்தபோதுதான், அந்தப் பதினொன்றையும் அடக்க விலைக்குக் கீழே விற்றிருப்பது தெரிந்தது. பேரேட்டில் பிழை கண்ணுக்குத் தெரியும். விரிதாளில் சூத்திரத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

'ஸ்யாத்' என்ற சொல்

சமணர் தருக்கத்தில் எந்தக் கூற்றுக்கும் முன்னால் 'ஸ்யாத்' என்று சேர்த்துச் சொல்வது மரபு. 'ஒரு நோக்கில்', 'ஒருவகையில்' என்று பொருள் கொள்ளலாம். பானை உண்டு என்று முடித்துச் சொல்லக்கூடாது. மண் என்ற நோக்கில் உண்டு, இந்த இடத்தில், இந்தக் காலத்தில் உண்டு என்று எல்லை கட்டிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஊரில் கேட்டதை, வெறும் வாதத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

ஆனால் மகாலநோபிஸே 1954இல் புள்ளியியலின் அடிப்படைகள் பற்றி எழுதிய கட்டுரையில் ஸ்யாத்வாதத்தை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பராநகர் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த உயிரியல் அறிஞர் ஹால்டேனும் 1957இல் அதன் 'சங்க்யா' இதழில் இதைப் பற்றி எழுதினார். நம் வீட்டுப் பொருளைப் பக்கத்துத் தெருவில் பார்த்தது போல இருந்தது எனக்கு. விரிதாள் சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத 'ஸ்யாத்' ஒன்று நிற்கிறது. மழை பெய்தால், விலை ஏறாமல் இருந்தால், டாலர் கிடைத்தால், விடை இது.

பள்ளியில் செய்யக்கூடியது

பாடத்திட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் 'சினாரியோ', 'கோல் சீக்' இரண்டும் இருக்கின்றன. முதலாவது, அனுமானத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது. இரண்டாவது, வேண்டிய விடையைச் சொல்லிவிட்டு அதற்கு எந்த எண் தேவை என்று பின்னோக்கித் தேடுவது. மகாலநோபிஸ் செய்த கணக்குக்கு உறவு. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு பாடம் நின்றுவிட்டால் பயன் பாதிதான்.

என் சிற்றறிவுக்கு எட்டியது மூன்று. ஒன்று, அனுமான எண்களைச் சூத்திரத்துக்குள் புதைக்காமல், தாளின் மேலே தனிக் கட்டங்களில், யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு, ஒரு பிள்ளையின் தாளை இன்னொரு பிள்ளை திறந்து சோதிக்க வேண்டும். மூன்று, 'இதில் எதை விட்டோம்?' என்று கடைசி வரியில் எழுதாமல் மதிப்பெண் கொடுக்கக்கூடாது.

நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலரிடம் இன்று மடிக்கணினி இருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் யாராவது முன்வந்தால், மாதத்தில் ஒரு வாரம் இந்த நான்கு வரிக் கணக்கைத் தமிழிலேயே போட்டுப் பார்க்கலாம். கடையை மூடிவிட்டு வந்து உட்கார நான் தயார். பேத்தியும் வருவாள். அந்த ஒன்றேகால் ரூபாயை மகாலநோபிஸ் எங்கிருந்து எடுத்தார் என்று அவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.