வயிற்றில் வெட்டு, காலில் விறைப்பு

கொழும்புத்துறை கடலோரக் கிராமம். மீனும் நண்டும் இறாலும் அடிக்கடி சட்டியில் சேர்பவை. "இவ்வளவும் சாப்பிடுகிற எனக்கு என்ன சத்துக்குறைவு?" என்று கேட்கத் தோன்றும். வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்ட சகோதரிகளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

மீன், முட்டை, பால், இறைச்சியில் உள்ள விற்றமின் பி12 தானாக இரத்தத்தில் சேர்வதில்லை. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்ச வேண்டும். புற்றுநோயால் இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவருக்கு அந்தப் புரதம் இல்லை. எறிகணைக் காயத்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதியை இழந்தவருக்கோ உறிஞ்சும் இடமே இல்லை.

ஈரலில் உள்ள சேமிப்பு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரை தாங்கும். அதனால் வெட்டுக்காயம் ஆறி, அதை மறந்த பிறகுதான் வருத்தம் தலைகாட்டும். உள்ளங்கால் விறைக்கும், ஊசி குத்துவதுபோல இருக்கும். செருப்புக் கழன்றதுகூடத் தெரியாது. கிணற்றடியில் முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடும். நாக்குச் சிவந்து வழுவழுப்பாகும். மறதியும் மனச்சோர்வும் சேரும். யுத்தத்தில் உறவுகளைப் பறிகொடுத்த பெண் என்றால், "எல்லாம் யோசனையால் வந்தது" என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவார்கள், அவளும் நம்பிவிடுவாள். யோசனை இருக்கட்டும், இரத்தத்தையும் சோதிக்க வேண்டாமா?

சோகைக்கென்று போலிக் அமிலக் குளிசையை மட்டும் விழுங்குவதிலும் ஆபத்து உண்டு. இரத்தம் தேறியதுபோலத் தெரியும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

பி1 குறைபாடு இன்னும் அவசரமானது. அதன் சேமிப்புச் சில வாரங்களே தாங்கும். சத்திரசிகிச்சைக்குப் பின் ஓயாமல் வாந்தி எடுப்பவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடை தடுமாறினாலோ, பேச்சுக் குழம்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பி12இன் அமைப்பை 1956இல் கண்டறிந்து சொன்னவர் டொரதி ஹொட்ஜ்கின் என்ற பெண் விஞ்ஞானி. வாதத்தால் கோணிப்போன விரல்களோடு உழைத்தவர். 1964இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அந்த விற்றமின் ஊசியாகவே கிடைக்கிறது. முதலில் அடுத்தடுத்தும், பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறையும் ஆயுள் முழுவதும் போட வேண்டும். காலம் தாழ்த்தினால் விறைப்பு முழுதாக மாறாது.

2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக ஆஸ்பத்திரிகளில் வெட்டப்பட்டவர்கள் பலரிடம் சிகிச்சைத் துண்டு இருக்காது. வைத்தியரிடம் தழும்பைக் காட்டி, எந்த ஆண்டு, எங்கே, எதற்காக வெட்டினார்கள் என்று சொல்லி, பி12 அளவைப் பார்க்கும்படி கேளுங்கள்.