கணினிக்குப் பக்கத்தில் சில புத்தகங்கள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அச்சகத்தில் வேலை செய்யும் வடிவமைப்பாளர், கலியாண அழைப்பிதழ், திருவிழாப் பதாகை, நினைவு மலர் என எல்லாவற்றையும் செய்துகொடுக்க வேண்டியவர். மென்பொருளை யூடியூப்பில் படித்துவிடலாம். கண்ணைப் பழக்க நல்ல நூல்கள் வேண்டும்.

முதல் நூல், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி எழுதிய ‘மத்தியகால சிங்களக் கலை’. கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அவர், இலங்கைக் கைவினைஞர்களின் வேலைமுறைகளையும் அலங்கார வடிவங்களையும் நுணுக்கமாகப் பதிவுசெய்து 1908இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே அது அச்சானது.

அடுத்தது, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு எழுதிய அறிக்கை. அதில் அவர்கள் கொண்டாடுவது சாதாரணச் செம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும்? கையில் சுடுமா? இன்னொரு பாத்திரத்தில் பட்டால் என்ன ஓசை வரும்? இந்தக் கேள்விகளை ஓர் அழைப்பிதழிடமும் கேட்கலாம்.

சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட ‘மரங்களின் இரவு வாழ்க்கை’யில் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் மூவரின் மரங்கள் கறுப்புத் தாளில் ஒளிர்கின்றன. தாள் கையால் செய்தது. அச்சும் கையால் பதித்த திரை அச்சு.

காசு செலவில்லாத வழியும் உண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தில் ‘மல்லிகை’, ‘சிரித்திரன்’ பழைய இதழ்களைக் கைபேசியிலேயே புரட்டலாம். தலைப்பெழுத்தின் பருமன், ஓரத்தில் விட்ட இடம், கேலிச்சித்திரத்தின் கோடு ஆகியவற்றைக் கவனித்துப் பார்த்தால் அடுத்த நினைவு மலரின் அட்டைக்கே அது உதவும்.